கல் உருகிய கோட்டைகள்: பிக்டுகளின் மலைகளும் அவற்றைச் சுற்றிய கதைகளும்

செங்கல் காளவாய் பிரிக்கும்போது அடுப்பு வாயை ஒட்டிய வரிசையைப் பார்த்திருப்பீர்கள். கற்கள் கறுத்து, உப்பி, நாலைந்து ஒன்றாக ஒட்டிக்கொண்டு, மேலே கண்ணாடிப் பளபளப்போடு வரும். சுவருக்கு ஆகாது, அடித்தளம் நிரப்பக் கொட்டிவிடுவார்கள். ஸ்காட்லாந்தில் சுமார் 70 பழங்கோட்டைகளின் சுவர் இந்தக் கதிக்கு ஆளாகியிருக்கிறது. ஆனால் அங்கே உருகியது களிமண் இல்லை, மலைப்பாறை. காளவாயும் கிடையாது. மலை உச்சியில் திறந்த வெளியில் நின்ற மதில், நின்ற இடத்திலேயே வெந்திருக்கிறது.

மேடு என்றாலே கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனை புதைந்த மாளிகைமேட்டை நினைக்கும் காவிரிப் படுகைக்காரர்களுக்கு மலைக்கோட்டை கொஞ்சம் அந்நியம்தான். திருச்சி உச்சிப்பிள்ளையாரைத் தாண்டினால் கிழக்கே கடல் வரை நிமிர்ந்து பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்தக் கோட்டைகளின் கதைகளைக் கேட்டால், வேதாரண்யத்துக்காரர் யாரும் "இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே" என்பார்.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம். ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தவர்களை ரோமானியர்கள் பிக்டுகள் என்று எழுதத் தொடங்கியது கி.பி. 297-ல். 9-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் பெயர் மெல்ல மறைகிறது. நம் கணக்கில், சங்க காலம் முடிகிற கட்டத்திலிருந்து விஜயாலயன் தஞ்சையைப் பிடிக்கிற காலம் வரை. அரசர் பட்டியல்களும், மீன், பாம்பு, பிறை, காளை என்று அழகழகாகச் செதுக்கிய கற்களும் அவர்களுடையவையாகக் கிடைத்திருக்கின்றன. தங்கள் வரலாற்றை அவர்களே உட்கார்ந்து எழுதிய நூல் ஒன்றும் கைக்கு வரவில்லை. நமக்குக் கிடைக்கும் கதைகள் பெரும்பாலும் அயர்லாந்துத் துறவிகளும் ஆங்கிலத் துறவிகளும் எழுதியவை. கதையை வாசிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இன்வர்னெஸ் நகருக்கு மேற்கே 172 மீட்டர் உயரத்தில் நிற்கிறது கிரெய்க் ஃபாட்ரிக் குன்று. உச்சியில் நீள்வட்டமாக ஒரு கோட்டை. உள்ளே சுமார் 75 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம். சுற்றிலும் உருகி இறுகிய கற்கரை, இப்போது புல் மூடிக் கிடக்கிறது. பிரிடே என்ற பிக்ட் அரசனின் கோட்டை இதுதான் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும். அதற்கு ஆதாரம், ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள அயோனா தீவு மடத்துத் தலைவர் அடம்னான் கி.பி. 700 வாக்கில் எழுதிய கொலம்பா என்ற துறவியின் சரிதம். கொலம்பா இறந்தது 597-ல். ஆக, நடந்ததாகச் சொல்லப்படுவதற்கும் எழுதப்பட்டதற்கும் நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி.

கதை இது. கொலம்பா நெஸ் ஆற்றங்கரைப் பக்கம் அரசனின் கோட்டைக்கு ஏறி வருகிறார். அரசன் செருக்கில் கதவைத் திறக்கவில்லை. அவர் கதவின் மேல் சிலுவைக் குறி இட்டுக் கையை வைக்கிறார். தாழ்ப்பாள் தானே கழன்று கதவு திறக்கிறது. அரசன் பதறிப்போய் எதிர்கொண்டு வரவேற்கிறான். அந்த அரசனை வளர்த்தவன் ப்ரோய்க்கன் என்ற மந்திரவாதி. அவன் ஓர் அடிமைப் பெண்ணை விடுவிக்க மறுக்கிறான், நோயில் விழுகிறான். கொலம்பா நெஸ் ஆற்றிலிருந்து ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை எடுத்து அனுப்புகிறார். கல் தண்ணீரில் மிதக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடித்ததும் ப்ரோய்க்கன் பிழைக்கிறான், பெண்ணுக்கு விடுதலை. கல் அரசனின் கருவூலத்துக்குப் போகிறது. சாகும் விதி வந்தவன் கேட்டால் மட்டும் அந்தக் கல் கண்ணில் படாதாம். பிரிடே இறந்த நாளிலும் தேடினார்கள், கிடைக்கவில்லை.

திருமறைக்காட்டில், அதாவது வேதாரண்யத்தில், அடைத்துக் கிடந்த கதவு அப்பர் பாடத் திறந்ததும், சம்பந்தர் பாட மூடியதும் நமக்குத் தெரியும். கல்லில் பிணைத்துக் கடலில் தள்ளிய அப்பர் அந்தக் கல்லிலேயே மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதும் தெரியும். இதைப் பார்த்து அது, அதைப் பார்த்து இது என்று தாவிவிட வேண்டாம். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் வேலை ஒன்றுதான். அரசன் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற வழக்கு நடக்கிற காலத்தில் கதவும் கல்லும் தண்ணீரும் சாட்சிக்கு வருகின்றன. அப்பரும் அடம்னானும் ஒரே நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள் என்பது சுவையான தற்செயல். இன்னொன்று கவனியுங்கள். கொலம்பா பிக்டுகளை மதம் மாற்றினார் என்று சொல்பவர் பிறகு வந்த ஆங்கிலத் துறவி பீட். அரசன் மதம் மாறியதாக அடம்னான் சொல்லவே இல்லை. அதன்பின் அரசன் அவரைப் பெரிதும் மதித்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இனி சுவருக்கு வருவோம். இங்கேதான் கதை தடுமாறுகிறது. கிரெய்க் ஃபாட்ரிக் சுவர் கட்டப்பட்டு எரிந்தது கி.மு. காலத்தில், பிரிடேவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால். பிக்டுகள் அங்கே வந்து தங்கியது உண்மை. 1971-72 அகழ்வில் வெளிநாட்டுப் பானை ஓடும், தொங்கு கிண்ணத்தின் அலங்காரத் தகடு வார்க்கும் அச்சும் கிடைத்தன. வசதியான வீட்டுச் சாமான்கள். ஆனால் அவர்கள் குடியேறியது ஏற்கெனவே உருகிக் கிடந்த இடிபாட்டுக்குள். அதைவிட வேடிக்கை, இந்த நீள்வட்ட வகையையே தொல்லியலாளர்கள் "வாசலில்லாக் கோட்டை" என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அதிசயமாகத் திறந்த கதவின் கதையை ஊர் கொண்டுபோய் ஒட்டியது, வாசல் எங்கே என்று தெரியாத ஒரு சுவரில். அடம்னான் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. நெஸ் ஆற்றோரம் போட்டிக்கு வேறு குன்றுகளும் உண்டு.

பாறை எப்படி உருகும்? சுவரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி விடை வந்துவிடும். வெளிமுகமும் உள்முகமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கல். நடுவே சல்லியும் உடைகல்லும். அது சரியாமல் இருக்க, ஓர் அடுக்குக் கல்லுக்கு மேல் மர உத்திரங்களைக் குறுக்கே போட்டு, நீளவாக்கில் வேறு உத்திரங்களைக் கிடத்தி, மறுபடி கல். குறுக்கு உத்திரத்தின் முனை சில சமயம் வெளிமுகத்தில் எட்டிப் பார்க்கும். பிக்ட் காலக் கோட்டைகளான பர்க்ஹெட்டிலும் டன்டர்னிலும் உத்திரங்களை இரும்பு ஆணி அடித்தே இணைத்திருக்கிறார்கள். இரும்பு விலை பெற்ற காலத்தில் மதிலுக்குள் மறையும் ஆணிக்கு அவ்வளவு செலவு செய்தவன் சாதாரண ஆள் இல்லை.

இந்தக் கட்டுமானத்தில் இரண்டு கோளாறு. ஒன்று மெதுவானது: உள்ளே ஈரம் இறங்கி மரம் உளுத்தால் அதன் இடம் வெற்றிடமாகும், மேலே உள்ள கல் இறங்கும், முகம் வயிறு தள்ளிச் சரியும். மற்றது தீ. வெளியே நீட்டிய உத்திர முனை பற்றிக்கொண்டால் நெருப்பு மரத்தோடு உள்ளே போகும். மரம் எரிந்து முடிந்த தடம் புகைப்போக்கியாகிறது, காற்றை இழுக்கிறது. சுற்றியுள்ள கல்லும் சல்லியும் வெப்பத்தை வெளியே விடுவதில்லை. காளவாய்க்கு மேலே சேறு பூசுவது எதற்கோ, அதே காரியம் தானாக நடக்கிறது. 850 முதல் 1,100 டிகிரி செல்சியஸ் வரை ஏறினால் போதும், பாறையில் உள்ள சில கனிமங்கள் இளகத் தொடங்கும். உள்ளே பிராணவாயு குறைவு என்பதால் பாறையிலுள்ள இரும்பு உருகுநிலையை இன்னும் கீழே இழுக்கும். எல்லாப் பாறையும் ஒன்றுபோல் உருகாது. படிகக்கல் மிகுந்தது பிடிவாதம் பிடிக்கும். இரும்பும் காரமும் கலந்த பாறை சீக்கிரம் இளகும். அதனால்தான் ஒரே சுவரில் இரண்டு அடி முழுக்கக் கண்ணாடியாகவும், அடுத்த இரண்டு அடி வெறும் சிவந்த கல்லாகவும் நிற்கிறது.

அருகே போய்ப் பார்த்தால் இது எரிமலைக் கல் இல்லை என்று புரிந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டில் படித்தவர்களே எரிமலை என்றுதான் நினைத்தார்கள். சுரங்க வேலை தெரிந்த ஜான் வில்லியம்ஸ் 1777-ல், மனிதன் கட்டியது, மனிதன் சுட்டது என்று எழுதினார். அடையாளம் எளிது. உருகிய குழம்பு சொட்டாக வழிந்து உறைந்திருக்கும். ஓட்டை ஓட்டையாகக் காற்றுக்குமிழி இருக்கும். அதற்குள்ளேயே உருகாத முழுக்கல் மாட்டிக்கொண்டிருக்கும். சில கட்டிகளில் நீளமான காடி போல ஒரு பள்ளம் ஓடும். உத்திரம் கரியாகி மறைந்த பிறகு அதன் வடிவத்தைப் பாறை பிடித்து வைத்திருக்கும் இடம் அது. சிலவற்றில் மரத்தின் இழைக்கோடுகூடப் பதிந்திருக்கும். எரிமலைக் குழம்பில் இது வராது. தவிர, இதெல்லாம் சுவர் போன கோட்டில் மட்டுமே கிடைக்கும், ஐந்தடி தள்ளித் தோண்டினால் வெறும் மண்.

1937-ல் தொல்லியலாளர் கார்டன் சைல்டும் வாலஸ் தார்னிகிராஃப்டும் இதைச் செய்தே பார்த்தார்கள். ஸ்டிர்லிங் வட்டாரத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் பக்கத்தில், 12 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரத்தில் மரம் கோத்த சுவர் கட்டி, சுற்றிலும் சுமார் 4 டன் விறகும் சுள்ளியும் அடுக்கிக் கொளுத்தினார்கள். உள்ளிருந்த கருங்கல் சல்லி உருகி ஒட்டிக்கொண்டது. 1980-ல் இயன் ரால்ஸ்டன் அபர்டீனில் இன்னும் பெரிய சுவரில் முயன்றபோது கொஞ்சம்தான் உருகியது. இதிலிருந்து தெரிவது, தவறிப்போய் ஒரு குடிசை எரிந்தால் மதில் உருகாது என்பதே.

நம் ஊர் யூனிட்டில் போட்டுப் பார்க்கலாம், யூனிட்டுக்கு 100 கன அடி. சைல்டின் சுவர் 432 கன அடி, நாலே கால் யூனிட். யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் விறகு. கிரெய்க் ஃபாட்ரிக் சுவரின் அகலம் 6 மீட்டர், உயரம் வெறும் 3 மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆறே கால் யூனிட்டுக்கு மேல் வரும். சுற்றளவு 180 மீட்டர் என்றால் விறகு ஆயிரம் டன்னைத் தாண்டும். தோராயக் கணக்குதான், உள்ளே இருக்கும் உத்திரமே பாதி விறகு என்று கழித்தாலும், மலை உச்சிக்கு இதைச் சுமந்து ஏற்ற ஆளும் வேண்டும், நாளும் வேண்டும். சுவரைப் பலப்படுத்த வேண்டுமென்றே சுட்டார்கள் என்றொரு கருத்து உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கண்ணாடியான கல் நொறுங்கும், மரம் போன சுவர் உட்காரும். சுட்டபின் அது முன்னைவிடப் பலவீனம். பிடித்த கோட்டையை, பிறகு யாரும் பயன்படுத்தாதபடி, பத்து ஊர் பார்க்க எரித்தார்கள் என்பதுதான் பொருந்துகிறது. இரவில் அந்த நெருப்பு எவ்வளவு தூரம் தெரிந்திருக்கும்!

காலக்கணிப்பில் சறுக்குகிற இடத்தையும் சொல்லிவிட வேண்டும். கரித்துண்டை எடுத்து ரேடியோ கார்பன் பார்த்தால் கிடைப்பது அந்த மரவளையம் வளர்ந்த காலம். சுவர் எரிந்த நாள் கிடைக்காது. இருநூறு வருட ஓக் மரத்தின் நடுவயிரத்தில் எடுத்த கரி, சுவரைவிட இருநூறு வயது மூப்பாகக் காட்டும். பழைய கட்டடத்து உத்திரத்தை மறுபடி போட்டிருந்தால் இன்னும் மோசம். அதனால் இப்போது தானியம், சுள்ளி, எலும்பு என்று குறுகிய ஆயுள் உள்ளதைத் தேடி எடுக்கிறார்கள். உருகிய கல்லின் காந்தத் திசையை வைத்தும் காலம் பார்க்க முடியும், ஆனால் ஆறிய பிறகு அந்தக் கட்டி ஒரு விரல் நகர்ந்திருந்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

முழுக்க முழுக்கப் பிக்டுகளே கட்டியது வேண்டுமென்றால் பர்க்ஹெட்டுக்குப் போக வேண்டும். இது மலை இல்லை. மரே கடற்பகுதியில் நீட்டிய பாறைமுனை. சுமார் ஐந்தரை ஹெக்டேர், நம் கணக்கில் பதிமூன்றரை ஏக்கர், அறியப்பட்ட பிக்ட் கோட்டைகளில் மிகப் பெரியவற்றில் ஒன்று. மதில் 8 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் வரை எழுந்திருக்கிறது. அந்த அளவில் ஒரு மீட்டர் சுவருக்கு 17 யூனிட் கல்லும் மரமும். 10-ஆம் நூற்றாண்டில் எரிந்திருக்கிறது, இங்கே முதலாம் பராந்தகன் ஆண்டுகொண்டிருந்த காலத்தையொட்டி. இங்கே பாறை உருகவில்லை, கரிந்த ஓக் உத்திரங்கள் மணலுக்குள் அப்படியே கிடைத்தன.

பர்க்ஹெட்டை அழித்தது அந்தத் தீ இல்லை. 1805 முதல் 1809 வரை துறைமுகமும் புது ஊரும் கட்டினார்கள். கோட்டையின் பாதிக்கு மேல் சமன் செய்து தெருப் போட்டார்கள், மதில் கல் துறைமுகத்துக்குப் போனது. காளை செதுக்கிய கற்கள் சுமார் 30 வெளிப்பட்டதாகச் சொல்வார்கள். இன்று ஆறுதான் மிச்சம். இரண்டு பர்க்ஹெட்டில், இரண்டு எல்ஜின் அருங்காட்சியகத்தில், எடின்பரோவிலும் லண்டனிலும் ஒவ்வொன்று. ஒரே கோட்டில் காளையின் தோளும் வயிறும் திரும்பும் விதம் பார்க்க அலுக்காது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதில் கல்லைப் பெயர்த்து 1836-ல் அணைக்கரைக் கீழணைக்குக் கொண்டுபோன கதை தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 27 வருட இடைவெளியில் இரண்டு கண்டத்திலும் ஒரே புத்தி. நமக்காவது பாசனம் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அவர்களுக்கும் மீன்பிடித் துறைமுகம் கிடைத்தது.

1809-ல் ஊருக்குத் தண்ணீர் தேடித் தோண்டியபோது பாறையில் வெட்டிய ஒரு நடைக்கிணறு வந்தது. படியிறங்கினால் சதுர அறை, நடுவில் நாலடி ஆழத்துக்குச் சதுரத் தொட்டி, சுற்றிலும் நடக்கத் திண்டு. உடனே கதைகள் முளைத்தன. ரோமானியக் குளியலறை என்றார்கள், ஞானஸ்நானத் தொட்டி என்றார்கள். கி.பி. 739-ல் அத்தோல் நாட்டரசன் டலோர்கனை எங்கஸ் என்ற பிக்ட் அரசன் நீரில் அமிழ்த்திக் கொன்றதாக அயர்லாந்துத் துறவிகளின் ஆண்டுக்குறிப்பில் ஒரு வரி உண்டு. எங்கே என்று இல்லை. அதையும் இந்தத் தொட்டிக்குள் தள்ளிவிட்டார்கள். கோட்டைக்குள் ஆட்களும் மாடும் இருந்தால் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்பதை மட்டும் யாரும் பெரிதாகச் சொல்லக் காணோம்.

பர்க்ஹெட்டில் இன்றும் நடக்கும் நெருப்புச் சடங்கு கதை இல்லை. ஆண்டுதோறும் ஜனவரி 11 இரவு, பாதி பீப்பாயில் தாரும் மரச்சீவலும் நிரப்பி, கம்பத்தில் ஆணியடித்துப் பொருத்திக் கொளுத்தி, ஆள் மாற்றி ஆள் தோளில் சுமந்து ஊரைச் சுற்றுகிறார்கள். ஆணியைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது, கல்லால்தான் அடிக்க வேண்டும். முடிவில் பழைய மதிலின் மிச்சமான டூரி மேட்டில் அதை நிறுத்தி எரிய விடுவார்கள். கங்குத் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போனால் வருடம் முழுக்க நல்லதாம். சொக்கப்பனைக் கரியை வயலில் செருகுகிறவர்களுக்கு இது புதிதில்லை. 1752-ல் நாட்காட்டி மாறி 11 நாள் காணாமல் போனபோது இந்த ஊர் பழைய புத்தாண்டை விடவில்லை, அதனால்தான் இந்தத் தேதி. பிக்ட் காலத்துச் சடங்கு என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்லும். அவ்வளவு பழமைக்குச் சான்று கிடையாது.

டன்டர்னைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 683-ல் முற்றுகையிடப்பட்டதாக ஆண்டுக்குறிப்பே பெயர் சொல்லும் கோட்டை அது. 1976-77 அகழ்வில் வேலைப்பாடு செய்த தோல் செருப்பு ஒன்று கிடைத்தது. உச்சியில் ஃபில்லன் துறவியின் நாற்காலி என்று ஒரு பாறை. முதுகுவலிக்காரர் அதில் உட்கார்ந்துவிட்டு மல்லாந்து படுக்க வேண்டும், காலைப் பிடித்து அடிவாரம் வரை இழுத்து வருவார்களாம். குணமானவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

டாப் ஓ நோத் மலை வேறு மாதிரி. 563 மீட்டர் உயரம். உச்சியில் உருகிய சுவர், அதற்குச் சொந்தக்காரன் ஜாக் என்ற அரக்கன். எதிரே பென்னகீ மலையில் இன்னோர் அரக்கன், இருவரும் பாறையை வீசிச் சண்டை. சுவர் வழக்கம்போல் பிக்டுகளுக்கு முந்தியது. ஆனால் அதற்குக் கீழே சரிவில் சுமார் 17 ஹெக்டேரைச் சுற்றி ஒரு தாழ்ந்த மண்கரை ஓடுகிறது. அதையும் பிக்டுகளுக்கு முந்தியது என்றே நினைத்து யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. லேசர் அளவீட்டிலும் ட்ரோன் படத்திலும் உள்ளே 800 வரை குடிசை மேடைகள் தெரிந்தன. 2020-ல் வெளிவந்த முடிவின்படி அவை கி.பி. 3 முதல் 6-ஆம் நூற்றாண்டு வரை. நாலாயிரம் பேர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். எல்லாக் குடிசையிலும் ஒரே சமயம் ஆள் இருந்தால்தான் அந்த எண் சரி, அதனால் நான் அதைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்வேன்.

அங்கே மேடை மேடையாகத் தெரிகிறது, பழையாறையில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று கேட்கலாம். அந்தச் சரிவில் ஏர் ஏறவில்லை, வண்டலும் படியவில்லை. இங்கே ஆறு கொண்டுவந்து போட்ட மண், ஆயிரம் வருட உழவு, செங்கலைத் தோண்டி எடுத்து வீடு கட்டிய கைகள். வானத்திலிருந்து லேசர் அடித்தால் நமக்குக் கிடைப்பது வரப்பு.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: கோடையில் பெரணிச் செடி இடுப்பளவு வளர்ந்து மதிலை மூடிவிடும், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சுவர் நன்றாகத் தெரியும். சாய்வெயிலில் பாருங்கள், உச்சி வெயிலில் மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்கூட வராது, எனவே மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இன்வர்னெஸிலிருந்து கிரெய்க் ஃபாட்ரிக். உருகிய கல்லைப் பார்க்க அது போதும். இரண்டு நாள் என்றால் எல்ஜின் அருங்காட்சியகத்தில் காளைகளைப் பார்த்துவிட்டு பர்க்ஹெட். சின்னத் துண்டுதானே என்று உருகிய கல்லைப் பையில் போடாதீர்கள். இவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், அனுமதியில்லாமல் உலோகம் கண்டறியும் கருவியை அங்கே பயன்படுத்துவதும் குற்றம்.